ஆய்குடியில் நிகழும் பணி: சொல்லும் செயலும்

தென்காசிக்கு அண்மையில், குற்றாலமலையின் சாரற்காற்று எட்டும் எல்லைக்குள், ஆய்குடி என்னும் ஊர் உள்ளது. பாலசுப்பிரமணியர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூரைச் சங்க காலத்து வள்ளலாகிய ஆய் அண்டிரனோடு தொடர்புபடுத்தி அறிஞர் சிலர் எழுதியுள்ளனர். புறநானூற்றின் 132ஆம் பாட்டில் வடக்கே நிற்கும் இமயத்துக்கு ஈடாகத் தெற்கே ஆய்குடி வைத்து எண்ணப்படுகின்றது. அவ்வூர் இல்லையாயின் உலகமே நிலைபெயர்ந்துவிடும் என்பது அப்பாட்டின் கருத்து. அதனைப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். 127 முதல் 135 வரையுள்ள பாடல்கள் அனைத்தும் ஆய் அண்டிரனை அவர் பாடியனவே. ஆய் இறந்தபோது அவர் பாடிய கையறுநிலைப் பாட்டும் 241ஆம் எண்ணில் உள்ளது.

இப்புலவரின் பெயரில் உள்ள 'முட' என்னும் அடைமொழியைப் பற்றிச் சிறிது சிந்தித்தல் வேண்டும். உடலில் முடம் உடையராதலின் இப்பெயர் பெற்றார் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் விளக்கம். இவ்வடைமொழி பாடலின் கீழே தொகுத்தோர் எழுதிவைத்த குறிப்பில் வருவது. அவர்க்குப் பின் வள்ளல்கள் எழுவரையும் நிரல்படப் பாடிய பெருஞ்சித்திரனார், 158ஆம் பாட்டில், திருந்திய மொழியினையுடைய மோசி என்றே அவரைக் குறிக்கின்றார். உடன் புலவர் ஒருவர்க்கு அவருடைய மொழி முதலில் நினைவுக்கு வந்தது. ஏடு தொகுத்தவர்க்கோ அவருடைய கால் நினைவுக்கு வந்தது. வேறு மோசிகளிலிருந்து பிரித்தறிவதற்காகவே தொகுத்தோர் அவ்வாறு எழுதினர் எனின், அதுவும் பொருந்துவதே. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலைத்து நிற்பது தொகுத்தோர் இட்ட பெயரே.

இவ்வொரு பெயர் வேறுபாட்டில் அடங்கிய சிக்கலையே ஆய்குடியில் 1981ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அமர் சேவா சங்கம் தன் பணியில் எதிர்கொண்டு வருகின்றது. உடற்குறையுடையோரைக் குறைகொண்டு அறிதலா, தொழில்கொண்டு அறிதலா என்பதே அச்சிக்கல். அச்சங்கத்தின் பணியாளர் செய்வது யாது, அப்பணி எவ்வாறு வடிவம் மாறியது, அதனைக் குறிக்க நாம் வழங்கும் தமிழ்ச் சொற்கள் அதற்குப் பொருந்துவனவா என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல்களில் காணும் மூவகை நோக்கு

பழந்தமிழ் நூல்கள் உடற்குறையை நோக்கிய முறை ஒருபடித்தானது அன்று. புறநானூற்றின் 28ஆம் பாட்டு, மக்கட் பிறப்பில் நேரும் குறைகள் எட்டினை எண்ணிக்காட்டி, அவை பயனற்ற பிறப்புகள் என முன்னோர் கூறியதாகச் சோழன் நலங்கிள்ளிக்கு எடுத்துரைக்கின்றது. அக்குறைகளை அது 'எச்சம்' என்னும் சொல்லால் குறிக்கின்றது. இலக்கணத்தில் முடிவு பெறாத சொல்லுக்கு வழங்கும் பெயரும் எச்சமே என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். முழுமையடையாதது என்னும் கருத்து இரண்டு வழக்கிலும் உண்டு. இலக்கண எச்சமோ பின்வரும் சொல்லைப் பற்றி முடிவு பெறும். மனிதனைக் குறித்த எச்சத்துக்கு அவ்வாறு பற்றி முடியும் இடம் எதனையும் அப்பாட்டு காட்டவில்லை.

இரண்டாவது நோக்கு அறத்தின்பாற்பட்டது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், மதுரையில் தான் இரந்து பெற்ற உணவினைக் கண் காணாதவர்க்கும் காது கேளாதவர்க்கும் நடக்க இயலாதவர்க்கும் பேணுவோர் இல்லாதவர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது இதனாலேயே. தமிழ்நாட்டு அன்னதான மரபின் வேர்களுள் ஒன்று இது. இதன் பெருமையைக் குறைத்துக் கூறுதல் நம் கருத்தன்று. ஆனால் அக்காட்சியில் உண்போர் எவரும் பேசுவதில்லை என்பதையும் குறிக்க வேண்டியுள்ளது.

மூன்றாவது நோக்கு பிற்காலத்தது. பொதுமக்களிடம் மிகுதியும் பரவியதும் அதுவே. நொண்டி நாடகம் என்னும் சிற்றிலக்கிய வகையில், தீநெறியில் ஒழுகிப் பொருளிழந்த ஒருவன் களவு செய்யப் புகுந்து, பிடிபட்டுக் கால் துணிக்கப்பட்டு, பின்னர் மனந்திருந்தி, இறையருளால் இழந்த காலைப் பெறுகின்றான். திருச்செந்தூர் நொண்டி நாடகம் பாண்டிநாட்டில் பெரிதும் பயின்றது. சீதக்காதி நொண்டி நாடகம் இசுலாமிய மரபிலும் இவ்வடிவம் வழங்கியதைக் காட்டும். நகைச்சுவையும் நல்ல சந்தமும் உடைய நூல்கள் இவை. ஆனால் குறை என்பது செய்த குற்றத்தின் கூலி, அதன் தீர்வு அருளால் உறுப்பு மீளப் பெறுதல் என்னும் இரண்டு கருத்துகளையும் மக்கள் உள்ளத்தில் ஊன்றுதற்கு இவையும் துணைசெய்தன என்பதில் ஐயமில்லை. இன்றும் ஒரு சிற்றூரில் குழந்தை குறையோடு பிறப்பின், தாய் கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றோ, முற்பிறவியில் எவர் வயிற்றெரிச்சலையோ கொட்டிக்கொண்டாள் என்றோ கூறக் கேட்கின்றோம்.

திருக்குறள் இதற்கு மாறுபட்டு நிற்கின்றது. 618ஆம் குறள், பொறி இல்லாமை எவர்க்கும் பழியாகாது என்றும், அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்றும் கூறுகின்றது. பரிமேலழகர் பொறி என்பதற்கு ஊழ் எனப் பொருள் கொண்டார். உறுப்பு எனக் கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும் அக்குறள் முயற்சியைப் பேசுகின்றது. ஆனால் முயல்வோன் ஏறிச்செல்ல வேண்டிய வாயிற்படியின் உயரத்தை அதுவும் பேசவில்லை.

சங்கம் தோன்றிய வரலாறு

ஆய்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வுக்குப் பெங்களூர் சென்றார். உடற்றிறன் சோதனையின்போது கீழே விழுந்து கழுத்துப் பகுதியில் முதுகுத் தண்டுவடம் சிதைந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றது. பின்னர் அவருக்கு மருத்துவம் செய்து ஊக்கமூட்டியவர் விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். 1981ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை உடற்குறையுடையோர்க்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டிலேயே இராமகிருஷ்ணன் தம் ஊரில் ஒரு சிறு பள்ளியோடு சங்கத்தைத் தொடங்கி, அம்மருத்துவர் பெயரின் முற்பகுதியை அதற்கு இட்டார். தசைநார்ச் சிதைவு நோயுடையவரும் கணக்காயருமாகிய எஸ். சங்கர ராமன் 1992இல் சென்னையிலிருந்து வந்து அவரோடு இணைந்தார். 2020ஆம் ஆண்டு இராமகிருஷ்ணனுக்குப் பத்மசிறீ விருது அளிக்கப்பெற்றது.

தண்டுவடச் சிதைவு என்பது யாது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இல்லையேல் இவ்வரலாற்றின் அருமை விளங்காது. கழுத்தெலும்புக்குள் செல்லும் நரம்புத்தண்டு சிதைந்தால் கைகால்கள் இயங்காமை மட்டுமன்றி, உணர்ச்சியும் போகின்றது. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றலும் போகின்றது. உணர்ச்சி இல்லாத இடத்தில் படுக்கை அழுத்தினால் குருதியோட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகும். வலி இல்லாமையால் அது எலும்பு வரை ஆழ்ந்த பின்னரே பிறர் காண்பர். சிறுநீர் தேங்கினால் நச்சுயிர்கள் பெருகிச் சிறுநீரகம் கெடும். முற்காலத்தில் இவ்வாறு அடிபட்டோர் பலரும் மடிந்தது அடிபட்டதனால் அன்று. படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகக் கேட்டாலுமே மடிந்தனர். இவை இரண்டையும் தடுக்கும் வழிகள் மிக எளியன. படுக்கையில் உள்ளவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தல், சக்கர நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கையூன்றியோ சாய்ந்தோ உடலின் அழுத்தத்தை மாற்றுதல், தூய்மையான குழாயால் குறித்த நேரங்களில் சிறுநீரை வெளியேற்றுதல் என்பனவே அவை. எளியனவே ஆயினும், இவற்றை ஒரு நாளும் தவறாமல் ஒருவர் வாழ்நாள் முழுதும் செய்தல் வேண்டும். செய்விக்க வீட்டார்க்குக் கற்பித்தலும் வேண்டும். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்தோர், கிணற்றில் தவறி விழுந்தோர், சாலை விபத்தில் சிக்கியோர் எனத் தென்மாவட்டங்களில் இத்தகையோர் பலர். இவர்களுக்குரிய பயிற்சி சங்கத்தின் வளாகத்தில் அளிக்கப்படுகின்றது. பிறருடைய கைத்துணையின்றி ஒருநாளும் கழியாத ஒருவர் தொடங்கிய இடத்தில் இப்பயிற்சி நடைபெறுதல் பொருத்தமானதே. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வளாகம் ஏறத்தாழ 30 ஏக்கராக விரிந்தது. பள்ளி, விடுதி, செயற்கை உறுப்புகளும் காற்கட்டைகளும் செய்யும் பட்டறை, தொழிற்பயிற்சிக் கூடம் ஆகியன அதில் அமைந்தன.

வளாகத்திலிருந்து வீட்டு முற்றத்துக்கு

இவ்வாறு ஓர் இடத்தில் அனைத்தையும் அமைத்து, அங்கே வருவோரைப் பேணுதல் உலகெங்கும் நெடுங்காலம் வழங்கிய முறை. அதன் குறை 1970களில் உணரப்பட்டது. நகரத்து நிலையத்துக்கு வரக்கூடியோர் நூற்றில் மிகச் சிலரே. வந்தோரும் ஊர் திரும்பியபின் பயிற்சியை இழந்தனர். 1978இல் அல்மா ஆட்டா நகரில் வெளியிடப்பட்ட நலவாழ்வுப் பறைசாற்றத்தைத் தொடர்ந்து, உலக நலவாழ்வு நிறுவனம் சமூகஞ்சார் மறுவாழ்வு என்னும் முறையை வகுத்தது. ஊரார்க்கே பயிற்சி அளிக்கும் கையேடு ஒன்றை எயினர் எலாண்டர், பத்மணி மெண்டிஸ், குன்னெல் நெல்சன் என்போர் உருவாக்கினர். செப்பமுற்ற நூலாக அது 1989இல் வெளிவந்தது. இவர்களுள் பத்மணி மெண்டிஸ் இலங்கை நாட்டினர். உடலியக்க மருத்துவம் பயின்றவர். 2010இல் வெளிவந்த வழிகாட்டு நூல்கள் நலவாழ்வு, கல்வி, பிழைப்பு, சமூக வாழ்வு, ஆற்றல் பெறுதல் என ஐந்து பிரிவுகளாக இப்பணியைப் பகுத்துக்கூறின.

ஆய்குடியிலும் பணி வளாகத்தோடு நின்றுவிடாமல் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் சென்றது. இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1980களில் இத்தகைய பள்ளிகளுக்கு வந்த சிறாரில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர் மிகுதி. அவர்களுக்கு வேண்டியவை காற்கட்டை, ஊன்றுகோல், பள்ளிப்படிப்பு ஆகியவையே; அறிவிலும் பேச்சிலும் அவர்களுக்கு யாதொரு குறையும் இல்லை. சொட்டு மருந்தின் பயனாக இந்தியாவில் இயற்கையாகப் பரவும் நச்சுயிரால் அந்நோய் 2011 சனவரிக்குப் பின் எவரையும் பற்றவில்லை. 2014 மார்ச்சில் நாடு அந்நோயினின்றும் நீங்கியதாகச் சான்றளிக்கப்பட்டது. இன்று பணியாளர் மிகுதியும் காண்பது மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, புறவுலக ஈடுபாடு குன்றிய நிலை முதலியன. இவற்றுக்குக் காற்கட்டை போல ஒருமுறை அளித்து முடிக்கத்தக்க பொருள் இல்லை. மூளை விரைந்து வளரும் முதல் சில ஆண்டுகளிலேயே பயிற்சி தொடங்குதல் வேண்டும். அதனை நாள்தோறும் வீட்டில் செய்தல் வேண்டும். ஆதலின் பயிற்சி தருவோர் வீட்டுக்குச் செல்வதே வழியாயிற்று.

வீடுதோறும் செல்லும் இப்பணியாளர் பெரும்பாலும் அவ்வட்டாரத்துப் பெண்கள். பட்டம் பெற்ற உடலியக்க மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் இவர்களுக்குப் பின்னின்று வழிகாட்டுவர். குழந்தையின் நிலையையும் முன்னேற்றத்தையும் கைப்பேசியில் பதிந்து அனுப்புதற்கு 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்னும் செயலியைச் சங்கம் அமைத்துக்கொண்டுள்ளது. அப்பதிவைத் தொலைவிலுள்ள வல்லுநர் கண்டு அறிவுரை கூறுவார்.

பணியாளர் ஒரு வீட்டில் செய்வது யாது? முதலில் அறிதல். குழந்தைக்கு நான்கைந்து திங்கள் கடந்தும் தலை நிற்கவில்லையா, பத்துத் திங்களாகியும் தானே உட்காரவில்லையா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகின்றதா என உசாவுவர். 'பிள்ளை கொஞ்சம் மந்தம், தானாகச் சரியாகிவிடும், அவன் மாமனும் மூன்று வயதில்தான் நடந்தான்' என்று வீட்டு மூத்தோர் கூறுவர். இவ்வாறு காத்திருக்கும் திங்கள்களே பயிற்சிக்கு மிகவும் உரிய காலம்.

அடுத்துக் கற்பித்தல். மூளை முடக்குவாதமுடைய குழந்தையின் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். அதனைத் தோளில் கிடத்தித் தூக்கினால் அவ்விறுக்கம் மிகும். நம் பெண்கள் இயல்பாகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளும் முறையில் இரு கால்களும் அகன்று நிற்பதால் இறுக்கம் தளரும், முதுகு நிமிரும், குழந்தை உலகத்தை நோக்கும். ஆயின் நோயுள்ள பிள்ளை விழுந்துவிடும் என்றஞ்சித் தாய் அவ்வாறு தூக்காமல் விட்டிருப்பாள். இதனைச் சொல்லிக்கொடுத்தலே ஒரு மருத்துவம். சுவரின் மூலையில் இருபுறமும் அணைவாக உட்காரவைத்தல், முற்றத்தில் இரண்டு சவுக்குக் கம்புகளை இணையாகக் கட்டி நடைபழக்குதல், உண்ணும்போது தலையைப் பின்னே சாய்க்காமல் முன்னே நிறுத்தி ஊட்டுதல் முதலியனவும் இத்தகையனவே. இவற்றுக்கு வேண்டுவது பெரும்பொருள் அன்று, நேரமே.

அந்நேரம் எங்கே கிடைக்கும்? தென்காசி, கடையநல்லூர்ப் பகுதிகளில் பெண்கள் பலர்க்கு வீட்டிலிருந்தே பீடி சுற்றுதல் பிழைப்பு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நாள் முழுதும் முறத்தை மடியில் வைத்துக் குனிந்திருப்பவளிடம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் குழந்தைக்குப் பயிற்சி கொடு என்று கூறுதல் எளிது. அதனால் குறையும் கூலியை எவர் ஈடுசெய்வர்? இங்கேதான் தேர்ந்த பணியாளருக்கும் தேராத பணியாளருக்கும் வேறுபாடு விளங்கும். தேராதவர் பயிற்சிகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை வந்து, ஏன் செய்யவில்லை என்று தாயைக் கடிவர். தேர்ந்தவர் அவளுடைய நாளினை நோக்குவர். குளிப்பாட்டும்போது செய்யத்தக்கது எது, சோறூட்டும்போது செய்யத்தக்கது எது, முறத்தின் எதிரே குழந்தையை மூலையில் அமர்த்தி இலையையும் நூலையும் காட்டிப் பேச்சுக்கொடுத்தல் இயலுமா என ஆராய்ந்து, வேறு நேரம் கேளாமல் உள்ள நேரத்திலேயே பயிற்சியை அமைப்பர். குடும்பத்தை நடுவாக வைத்த முறை என்று நூல்கள் கூறுவது இதனையே. அப்பாவும் ஆச்சியும் பங்குகொண்டால் பயன் மிகும். தாய் ஒருத்தியின் தலையிலேயே அனைத்தையும் சுமத்துதல் நம் சமூகத்தின் நெடுநாள் வழக்கமாதலின், இதில் பணியாளர் படும் இடர் மருத்துவ இடரினும் பெரிது.

ஈண்டு ஒரு சொல்லாய்வு பொருந்தும். ஆங்கிலச் சொல்லுக்கு நேராக 'மறுவாழ்வு' என்று வழங்குகின்றோம். மரத்திலிருந்து விழுந்தவர்க்கு அச்சொல் பொருந்தும். ஒரு வாழ்வு தடைப்பட்டு மற்றொன்று தொடங்குகின்றது. பிறக்கும்போதே குறையோடு பிறந்த எட்டுத் திங்கட் குழந்தைக்கு அஃது எவ்வாறு பொருந்தும்? அக்குழந்தைக்கு இதுவே முதல் வாழ்வு. அவ்வாறே, அனைவரையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுதலைக் குறிக்க 'உள்ளடக்கம்' என்று சிலர் எழுதுகின்றனர். நூலின் உள்ளடக்கம் என நாம் வழங்குவதும் அதுவே. அடக்குதல் என்னும் வினையும் அதனுள் ஒலிக்கின்றது. 'உட்சேர்த்தல்' அதனினும் நன்று. ஆயினும் உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரைச் சேர்க்கின்றனர் என்னும் கருத்து அதிலும் நீங்கவில்லை. 'உடனிருத்தல்' என்னும் எளிய சொல்லை ஆராய்ந்து பார்க்கலாம் என்பது நம் கருத்து.

கேட்டுப் பெறுதல்

இப்பணியின் மற்றொரு பகுதி உரிமைகளைக் கேட்டுப் பெறுதல். உடற்குறையுடையோரும் அவர்தம் பெற்றோரும் தமக்குள் குழுக்களாகக் கூடிச் சேமித்தல், கடன் பெற்றுத் தொழில் செய்தல், சான்றிதழும் உதவித்தொகையும் பெற ஒருவர்க்கொருவர் துணைநிற்றல் ஆகியவற்றைச் செய்கின்றனர். தனியொருவராய் அலுவலக வாயிலில் நின்றபோது நாளை வா எனக் கேட்டவர், பதின்மராய்ச் சென்றபோது அமர்க எனக் கேட்பதுண்டு.

சட்டம் இதற்கு ஊன்றுகோலாயிற்று. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே ஏற்றது. ஐக்கிய நாடுகள் அவை 2006 திசம்பரில் ஏற்ற உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் உறுதிசெய்தது. அதற்கிணங்க இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் 2017 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. வகைகள் 21 ஆயின. அரசுப் பணியில் ஒதுக்கீடு நூற்றுக்கு மூன்றிலிருந்து நான்காயிற்று. உடன்படிக்கையின் அடிப்படைக் கருத்து எண்ணத்தக்கது. குறை என்பது ஒருவர் உடலில் மட்டும் இருப்பது அன்று. அவ்வுடலுக்கும் சூழலிலுள்ள தடைக்கும் இடையே தோன்றுவது என்பதே அது. சக்கர நாற்காலியில் செல்பவர்க்குச் சாய்தளமுள்ள கட்டடத்தில் நுழைவதில் குறை இல்லை; மூன்று படியுள்ள கட்டடத்திலோ குறை உண்டு. அம்மூன்று படியைக் கட்டியவர் வேறொருவர்.

ஆயினும் சட்டம் நடைமுறையில் சதவிகிதத்தால் இயங்குகின்றது. நூற்றுக்கு 40 என்னும் அளவு இருந்தால்தான் பல சலுகைகள் கிடைக்கும். மருத்துவக் குழு உடலை அளந்து எண் தருகின்றது. வீட்டுப்படியையும் பேருந்தின் படியையும் எவரும் அளப்பதில்லை. சூழலை நோக்கும் கொள்கையும் உடலை அளக்கும் சான்றிதழும் ஒரே சட்டத்தில் உடன் வாழ்கின்றன. இம்முரணைச் சட்டம் இயற்றியோர் அறியாதவர் அல்லர். உதவியை வரையறுக்க ஓர் அளவு வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் குழந்தையின் முன்னேற்றத்தை விரும்பும் தாயே, அதன் எண் குறைந்துவிடுமோ என்று அஞ்சும் நிலையை இம்முறை உண்டாக்குகின்றது என்பதைக் கூறாதிருத்தல் இயலாது.

படிகளைப் பற்றிய வரலாறும் இத்தகையதே. பழைய பொதுக் கட்டடங்கள் அனைத்தும் விதிகள் வெளிவந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அனைவரும் செல்லத்தக்கனவாக மாற்றப்படுதல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கூறுகின்றது. விதிகள் 2017 சூனில் வந்தன. காலக்கெடு 2022 சூனில் முடிந்தது. 2024 நவம்பர் 8ஆம் நாள், இராசீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம், அணுகுமுறைத் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த 15ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயமான தரங்களைத் தனியே வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது.

குற்றாலத்தையே எண்ணிப் பார்க்கலாம். சாரற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் செல்கின்றனர். மூலிகை நீர் நோய்தீர்க்கும் என்னும் நம்பிக்கை நெடுநாளையது. திரிகூடராசப்பக் கவிராயர் இம்மலையின் வளத்தையெல்லாம் குறவஞ்சியாகப் பாடிவைத்தார். அருவி நீரில் உடல் நனைய வேண்டும் என்னும் ஆசை கால் இயங்காதவர்க்கும் உண்டு. அவர் ஆசையை நலத்துறையின் செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? மருந்து, கல்வி, தொழில் என்னும் தேவைகளை வகைப்படுத்த அறிந்த நாம், இன்பத்தை வகைப்படுத்த அறியவில்லை. ஆபுத்திரன் காலந்தொட்டு உடற்குறையுடையோர்க்கு உணவு உரியது எனக் கொண்டோம். அருவி உரியது எனக் கொள்ளவில்லை.

பெயர் மாற்றம் பற்றி

முற்காலத்தில் அங்கவீனர் என்றனர்; பின்னர் ஊனமுற்றோர் என்றனர். ஊனம் என்பது குறைவு எனப் பொருள்படும் வடசொல்லடியாக வந்தது. 2010ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு மாற்றுத் திறனாளி என்னும் சொல்லை வழங்கிவருகின்றது. 2015இல் இந்தியப் பிரதமர் திவ்வியாங்க் என்னும் சொல்லைப் பரிந்துரைத்தார். தெய்வத்தன்மை பொருந்திய உறுப்புடையோர் என்பது அதன் பொருள். தம்மைத் தெய்வத்தன்மையோடு இணைத்தல் வேண்டா, உரிமையோடு இணைத்தல் போதும் என அதனை மறுத்த இயக்கத்தினரும் உளர்.

மாற்றுத் திறனாளி என்னும் சொல் இழிவு நீக்கிய நற்சொல். பள்ளிப் பிள்ளைகள் வரை அஃது இன்று பரவிவிட்டது. ஆனால் நடக்க இயலாதவர் ஒவ்வொருவரும் அதற்கு ஈடாக வேறொரு திறன் காட்டியே தீர வேண்டும் என்னும் எதிர்பார்ப்பையும் அச்சொல் தன்னுள் கொண்டுள்ளது. தலை நிற்காத குழந்தையிடம் அது யாது திறனை எதிர்பார்க்கும்? திறன் இல்லாமலே மதிக்கப்படும் உரிமை ஏனையோர்க்கு உண்டன்றோ! ஆய்குடிச் சங்கத்தாரும் அரசு ஏற்ற சொல்லையே வழங்குகின்றனர். பணி செய்வோர்க்குச் சொல்லாய்வில் காலங்கழிக்க இயலாது. அது நம்மனோர்க்குரிய கடன்.

சொல்லினும் பெரிய மாற்றம் ஒன்று 2025இல் நிகழ்ந்துள்ளது. அவ்வாண்டு ஏப்பிரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நகர்ப்புற, ஊரக உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத் திறனாளிகளை உறுப்பினராக நியமித்தற்கு உரிய சட்டத்திருத்தங்களை நிறைவேற்றியது. 388 ஊராட்சி ஒன்றியங்களும், பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிற்றூராட்சிகளும் இதனுள் அடங்கும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உடற்குறையுடையோர் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். அவர்களுள் ஒருவர் ஊராட்சிக் கூட்டத்தில் அமர்ந்து, தெருவிளக்கைப் பற்றியும் குடிநீர்க் குழாயைப் பற்றியும் சாய்தளத்தைப் பற்றியும் கருத்துரைக்கும் இடம் பிறக்கின்றது.

தென்காசி, 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இவ்வூர்களில் குழுக்களை நடத்திப் பழகியோர், மனு எழுதக் கற்றோர், அதிகாரியிடம் அஞ்சாது பேசக் கற்றோர் ஆய்குடிப் பணியின் பயனாகப் பலர் உளர். நியமனம் பெறும் உறுப்பினர் தம் முதற்கூட்டத்துக்குச் செல்லும் நாளில், அவ்வூராட்சி அலுவலகத்தின் வாயிலில் எத்தனை படிகள் உள்ளன என்பதை அவர்கள் இப்போதே சென்று எண்ணிவைத்தல் நன்று.